மழை வந்தால் விழும் ட்ரிப்பர்: மலை வீட்டுக் கரண்ட் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

நீலகிரியில் வீட்டு வயரிங் வேலை பார்ப்பவர்களுக்கு ஜூன் தொடங்கி டிசம்பர் வரை ஓய்வு கிடையாது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்கு மழை கொட்டும். அது ஓய்ந்து ஈரம் காய்வதற்குள் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்கு வந்துவிடும். இடையில் மழையே இல்லாத நாளிலும் மூடுபனி சுவரை நனைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் வருகிற புகார்கள் வருஷா வருஷம் அதே ஏழெட்டுதான். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதிவைக்கிறேன். செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள், பணம் கேட்கும் காரணத்துக்குக் கடைசியில் போகலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “கரண்ட் வருதே, அப்புறம் ஏன் எரியல?” என்று கேட்காத வீடு இல்லை. பேஸில் வந்த கரண்ட் பல்பைத் தாண்டி நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போனால்தான் பல்பு எரியும். வரும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள், திரும்பும் வழியைப் பார்ப்பதில்லை. கீழே உள்ள அறிகுறிகளில் பாதிக்கு மேல் அந்தத் திரும்பும் வழியில்தான் போய் முடியும்.

கை வைக்கும் முன்

மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். மெயின் அணைந்த அடுத்த நொடியே இன்வெர்ட்டர் தன் லைனில் 230 வோல்ட்டை ஏற்றிவிடும். இதை மறந்து சுவிட்ச் பாக்ஸைத் திறப்பவர்கள் நிறையப் பேர். ஈரமான சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். காய்ந்த மரப்பலகையோ ஸ்டூலோ போட்டு, ரப்பர் செருப்போடு நில்லுங்கள்.

ஒரு டெஸ்டரும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் போதும். டெஸ்டரை முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமான பாயின்டில் வைத்து, அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு அணைத்த இடத்தில் வையுங்கள். செத்த டெஸ்டரை நம்பிக் கை வைப்பதைவிட டெஸ்டரே இல்லாமல் இருப்பது மேல்.

மீட்டர் வரை இருப்பது இ.பி.யின் பொறுப்பு. போஸ்ட், சர்வீஸ் வயர், மீட்டர், அதன் சீல் எதையும் நாம் தொடக் கூடாது. மீட்டருக்கு அப்புறம் உள்ள மெயின், ட்ரிப்பர் (கோளாறு வந்தால் தானே கீழே விழுந்து கரண்டை வெட்டும் சுவிட்ச்), வயரிங் நம்முடையவை.

அறிகுறி 1: வீடு முழுக்க இருட்டு, பக்கத்து வீட்டில் எரிகிறது

முதலில் மெயின் பாக்ஸைத் திறந்து எந்த ட்ரிப்பர் கீழே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி., அதாவது டெஸ்ட் பட்டன் உள்ள அகலமான ட்ரிப்பர் விழுந்திருந்தால் நேராக அறிகுறி 3-க்குப் போய்விடுங்கள்.

எதுவும் விழவில்லை என்றால் மெயின் ஸ்விட்சுக்கு உள்ளே வரும் வயரில் டெஸ்டர் வையுங்கள்.

டெஸ்டர் எரியவில்லையா? கரண்ட் உங்கள் வீட்டுக்கே வரவில்லை. போஸ்டில் உங்கள் பேஸின் ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது சில்வர் ஓக் கிளை ஏதாவது சர்வீஸ் வயரை இழுத்துக்கொண்டு விழுந்திருக்கலாம். வெளியே போய்க் கண்ணால் மட்டும் பாருங்கள். இ.பி.க்குச் சொல்லுங்கள். மின்னகம் எண் 94987 94987, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். வயர் அறுந்து தேயிலைச் செடி மேலோ ஈர மண் மேலோ கிடந்தால் கிட்டே போகாதீர்கள். ஆடு மாட்டையும் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். கம்பி அசையாமல் கிடக்கிறது என்பதற்காக அதில் கரண்ட் இல்லை என்று நினைக்கக் கூடாது.

டெஸ்டர் எரிகிறது, ஆனால் வீட்டில் ஒன்றும் எரியவில்லையா? பெரும்பாலும் சர்வீஸ் வயரின் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. இந்த மலையில் இது சகஜம். போஸ்டிலிருந்து வருவது அலுமினியம், வீட்டுக்குள் இருப்பது செம்பு. இரண்டையும் வெறுமனே முறுக்கி டேப் சுற்றிவைத்தால், ஈரம் பட்டுப் பட்டு அந்த ஜாயின்டில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். அதைச் சுரண்டிவிட்டு மறுபடி முறுக்கினால் அடுத்த மழைவரைதான் தாங்கும். இரண்டு உலோகத்துக்கும் சேர்த்துச் செய்த பைமெட்டல் கனெக்டர் போடச் சொல்லிக் கேளுங்கள். ஜாயின்ட் மீட்டருக்கு முன்னால் இருந்தால் லைன்மேன் செய்யட்டும், பின்னால் இருந்தால் வயர்மேன்.

இந்த நிலையில் வீட்டுக்குள் எந்த வயரையும் தொடாதீர்கள். நியூட்ரல் விட்டுப்போன வீட்டில், போட்டு வைத்த பல்பு வழியாக வந்த கரண்ட் கறுப்பு நியூட்ரல் வயர் முழுக்க நின்றுகொண்டிருக்கும்.

அறிகுறி 2: ஒரு அறையில் மட்டும் இல்லை

அந்த அறையின் எம்.சி.பி., அதாவது அந்த லைனுக்கு மட்டுமான சின்ன ட்ரிப்பர் விழுந்திருந்தால் ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். நின்றால் சரி. உடனே விழுந்தால் திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள். அறையில் உள்ள பிளக்கை எல்லாம் பிடுங்கிவிட்டு ஏற்றுங்கள். அப்போது நின்றால் ஏதோ ஒரு சாமானில் ஷார்ட். அப்படியும் விழுந்தால் வயரில் ஷார்ட், அது வயர்மேன் வேலை.

எம்.சி.பி. விழவே இல்லை, ஆனால் கரண்ட் இல்லை என்றால் பிளக் பாயின்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

இரண்டிலும் எரியவில்லை: பேஸ் வரவில்லை. எம்.சி.பி. ஸ்க்ரூ லூசாக இருக்கலாம், ஜங்ஷன் பாக்ஸில் ஜாயின்ட் விட்டிருக்கலாம், இல்லாவிட்டால் மச்சில் எலி கடித்திருக்கலாம். பலகை மச்சு உள்ள வீடுகளில் குளிர் தொடங்கினால் எலி உள்ளே வந்துவிடும், அதனால் நான் மச்சைத்தான் முதலில் பார்ப்பேன்.

இரண்டிலும் எரிகிறது: இதைப் பார்த்ததும் “இரண்டு பேஸ் வந்துவிட்டது” என்று பயந்துவிடுவார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. நியூட்ரல் விட்டுப்போனதால், போட்டு வைத்த லைட்டோ பேனோ வழியாகப் பேஸ் வந்து நியூட்ரல் ஓட்டையில் நிற்கிறது. அந்த அறையின் எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளையும் எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். நியூட்ரல் ஓட்டையில் வெளிச்சம் போய்விட்டால், அல்லது மிக மங்கிவிட்டால், சந்தேகமே வேண்டாம், நியூட்ரல்தான். மெயினை அணைத்துவிட்டு அந்த அறைக்கு வரும் வழியில் உள்ள சுவிட்ச் பாக்ஸ்களில் கறுப்பு வயர் ஜாயின்டைப் பாருங்கள். டேப் கருகியோ பிசுபிசுத்தோ இருக்கும் இடம்தான் அது.

குன்னூர், ஊட்டியில் பழைய பங்களாக்களும் எஸ்டேட் குவார்ட்டர்ஸ்களும் இருக்கின்றன. அவற்றில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தக் கால வயரிங்கில் பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பேஸில் மட்டுமல்ல, நியூட்ரலிலும் போட்டிருப்பார்கள். நியூட்ரல் ஃபியூஸ் போனால் பல்பு எரியாது, ஆனால் ஹோல்டரில் பேஸ் அப்படியே இருக்கும். ஃபியூஸ் போய்விட்டது, கரண்ட் இல்லை என்று நம்பி ஹோல்டரில் கை விடுவது மிக ஆபத்து. அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு கட்டையையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் ஏணி ஏறுங்கள். நியூட்ரலில் உள்ள ஃபியூஸை எடுத்துவிட்டு நேர் இணைப்பாக்க வயர்மேனிடம் சொல்லுங்கள்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அறையில் நியூட்ரல் போய்விட்டால், பக்கத்தில் சும்மா இருக்கும் பச்சை எர்த் வயரை எடுத்து நியூட்ரலாகக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. லைட் உடனே எரியும், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த எர்த் எங்காவது விட்டுப்போனால், வீட்டில் எர்த்தில் சேர்ந்த எல்லா இரும்பு உடம்பும், கெய்சர், ஃபிரிட்ஜ், மிக்சி எல்லாம், பேஸோடு நிற்கும். யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஏற்கெனவே அப்படிச் செய்திருந்தால் இன்றே பிரித்துச் சரிசெய்யுங்கள்.

அறிகுறி 3: மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறது, வெயில் அடித்தால் நிற்கிறது

மழைக்காலத்தில் வருகிற அழைப்பில் பெரும்பங்கு இதுதான். “அண்ணே, மழை வந்தாலே இது விழுந்துடுது, இதைக் கழட்டிட்டு நேரா குடுத்துடுங்க” என்பார்கள். கழற்றவே கூடாது. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமாக இருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஆர்.சி.சி.பி.யின் ஒரே வேலை. வீட்டுக்குப் போடும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவு கரண்ட் வேறு வழியில், அதாவது ஈரச் சுவரிலோ மனித உடம்பிலோ, போகும்போது அது விழ வேண்டும். விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசியும் இடத்தைத்தான் தேட வேண்டும்.

தேடும் முறை

எல்லா எம்.சி.பி.யையும் கீழே இறக்குங்கள். ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள்.

நின்றதா? எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், நடுவில் கொஞ்சம் பொறுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. அந்த லைனில் உள்ள சாமான்களின் பிளக்கை ஓட்டையிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டும். இப்போது ஏற்றினால் நிற்கிறதா? சாமான்தான் காரணம். ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். கெய்சர், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், ஹீட்டர் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள்.

பிளக்கை எல்லாம் உருவிய பிறகும் விழுகிறதா? வயரிங்கில் ஈரம். இடத்தைப் பிடிப்பது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

எம்.சி.பி. எல்லாம் இறங்கியிருக்கும்போதே ஆர்.சி.சி.பி. நிற்க மறுக்கிறதா? சாதாரண ஒற்றை எம்.சி.பி. பேஸை மட்டும் வெட்டுகிறது. நியூட்ரல் வெட்டுப்படாமல் வீடு முழுக்க ஓடுகிறது. அது எங்காவது எர்த்தையோ ஈரச் சுவரையோ தொட்டுக்கொண்டிருந்தால், எம்.சி.பி.க்கள் இறங்கியிருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழும். சில சமயம் நிற்பது போல நின்று, எந்த அறையில் எதைப் போட்டாலும் விழும். இந்தக் குணத்தைப் பார்த்தால் நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதை வயர்மேனிடம் விடுங்கள். மெக்கர் வைத்திருப்பவரா என்று கேட்டுக் கூப்பிடுங்கள். மல்டிமீட்டர் சின்ன பேட்டரியின் வோல்டேஜில் அளக்கிறது, ஈரக் கசிவு அதற்குத் தெரியாமல் போகலாம். மெக்கர் 500 வோல்ட் கொடுத்து அளக்கும், மறைந்த கசிவு வெளியே வந்துவிடும்.

வயரிங்கில் ஈரம் எங்கே

நான் பார்க்கும் வரிசை இது. போர்ட்டிகோ லைட், கேட் லைட், வெளிச்சுவர் பிளக் பாயின்ட். அப்புறம் பாத்ரூம். அப்புறம் மேற்குப் பார்த்த சுவர், ஏனென்றால் தென்மேற்குச் சாரல் அடிப்பது அங்கேதான். கடைசியில் ஓட்டுக்கும் தகரத்துக்கும் அடியில் ஓடும் பைப்.

வெளி லைட்டைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் கதை புரிந்துவிடும். கண்ணாடி மூடிக்குள் இரண்டு மூன்று செத்த பூச்சி, அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர், ஹோல்டர் பித்தளை பச்சை பூத்திருக்கும். துடைத்து, புது ஹோல்டர் போட்டு, வயர் நுழையும் ஓட்டையை சிலிகான் வைத்து அடைத்து, மூடியின் அடிப்பக்கம் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை விட்டால் தீர்ந்தது. செலவு சில நூறு ரூபாய்.

அதைவிட முக்கியமான இடம் சர்வீஸ் வயர் வீட்டுக்குள் நுழையும் பைப். போஸ்டிலிருந்து வரும் வயர் சரிவாக இறங்கி நேராகப் பைப்புக்குள் போனால், மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே வந்து பைப் வழியாக மெயின் பாக்ஸுக்குள் இறங்கும். மெயின் பாக்ஸில் துரு கோடு கோடாக இருந்தால் இதுதான் காரணம். பைப்பின் வாய் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். வயர் பைப் வாய்க்குக் கீழே ஒரு முறை தொங்கி, அப்புறம் மேலேறி நுழைய வேண்டும். தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டி விழுந்துவிடும், உள்ளே வராது. மலையில் வீடு கட்டுபவர் எல்லோரும் இதை ஒரு முறை வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட வேண்டும். பைசா செலவில்லை, லைன்மேன் வரும்போது சொன்னால் சரிசெய்துவிடுவார்.

சுவருக்குள் புதைத்த பைப்பில் மூடுபனியின் ஈரமே சேர்ந்து தண்ணீராகும். வெளிச்சுவரில் உள்ள சுவிட்ச் பாக்ஸைத் திறந்தால் உள்ளே வியர்த்திருக்கும். மெயினை அணைத்து, மூடியைக் கழற்றி, அறையில் காற்றோட்டம் விட்டு ஒரு நாள் காயவிடுங்கள். நெருப்பு, மெழுகுவத்தி வேண்டாம். காய்ந்ததும் ட்ரிப்பர் நிற்கும், ஆனால் ஓடு ஒழுகுவதோ சுவர் ஓதம் குடிப்பதோ நிற்காதவரை அடுத்த மழைக்குத் திரும்பவும் விழும். அங்கே தேவை எலக்ட்ரீஷியன் அல்ல, கொத்தனார்.

ஒவ்வொரு மழைக்கும் ஒரே லைனில் விழுந்து, சாமானும் காரணமில்லை, வெளி லைட்டும் காரணமில்லை என்றால் அந்த லைனின் வயரே போய்விட்டது. பழைய வயரின் உறை நொறுங்கினால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. அந்த லைனை மட்டும் புதிதாக இழுங்கள். லைட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, கெய்சருக்கு 4. பச்சை எர்த் வயரையும் சேர்த்தே இழுக்கச் சொல்லுங்கள்.

புது இன்வெர்ட்டர் வைத்ததிலிருந்து விழுகிறது

இது மழையால் வருவதல்ல. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மற்ற லைனின் நியூட்ரலையும் ஒரே இடத்தில் சேர்த்து முறுக்கிவிட்டார்கள். ஒரு வழியில் போன கரண்ட் இன்னொரு வழியில் திரும்புகிறது, ஆர்.சி.சி.பி. கணக்கு உதைக்கிறது. இன்வெர்ட்டர் மாட்டியவரையே கூப்பிட்டு நியூட்ரலைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி 4: லைட் மங்குகிறது

இதில் மூன்று வகை உண்டு. மூன்றாவது வகைதான் அவசரம், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில லைட் மங்கலாகவும் சில லைட் கண் கூசவும் எரிகிறது

உடனே மெயினை அணையுங்கள். காரணத்தை அப்புறம் பார்க்கலாம். மூன்று பேஸ் லைனில் பொதுவான நியூட்ரல் அறுந்துவிட்டது. அறுந்தது வீட்டிலும் இருக்கலாம், தெருவிலும் இருக்கலாம். அப்போது லோடு குறைந்த பேஸில் உள்ள சாமான்களுக்கு 230-க்குப் பதில் 400 வோல்ட் பக்கம் ஏறலாம். டி.வி., ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் ஒரே நேரத்தில் போவது இப்படித்தான். பக்கத்து வீடுகளிலும் குரல் கொடுத்து மெயினை அணைக்கச் சொல்லுங்கள், இ.பி.க்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகும், மல்டிமீட்டரில் ஒவ்வொரு பேஸையும் அளந்துவிட்டே மெயினைப் போடுங்கள்.

எந்தச் சாமானும் போடாமலே மாலையில் மங்குகிறது

“பக்கத்து மலையிலேயே பவர் ஹவுஸ் இருக்கு, நமக்கு மட்டும் லோ வோல்டேஜா?” என்று இங்கே கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்வி. பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுத்தார்கள், அப்புறம் மோயாறு, குந்தா என்று வந்தது. ஆனால் அந்த மின்சாரம் உயர் அழுத்தக் கம்பியில் ஏறி நேராகக் கீழே சமவெளிக்குப் போகிறது. உங்கள் வீட்டு வோல்டேஜைத் தீர்மானிப்பது பவர் ஹவுஸ் எவ்வளவு பக்கம் என்பது அல்ல, டிரான்ஸ்பார்மர் எவ்வளவு பக்கம் என்பது. மலையில் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து தேயிலைச் சரிவில் லைன் இறங்கி இறங்கி, கடைசி ஹட்டிக்கோ (படகர் ஊர்) எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுக்கோ போய்ச் சேரும்போது வோல்டேஜ் வழியிலேயே குறைந்துவிடுகிறது. மாலையில் எல்லா வீட்டிலும் கெய்சரும் ஹீட்டரும் போடும்போது இன்னும் குறையும்.

மெயினில் மல்டிமீட்டரை வைத்து, காலை, மதியம், இரவு 8 மணிக்கு அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். நாலைந்து நாள் எழுதிய தாளை இ.பி. அலுவலகத்தில் மனுவோடு கொடுத்தால் பேச்சுக்கு வலு இருக்கும். லோடு குறைந்த பேஸுக்கு உங்கள் இணைப்பை மாற்றுவது அவர்களால் சீக்கிரம் முடிகிற காரியம். புது டிரான்ஸ்பார்மருக்குக் காலம் பிடிக்கும், அக்கம்பக்கத்தார் சேர்ந்து கேளுங்கள்.

இதற்கிடையில் கெய்சர் மெதுவாகக் காய்கிறது என்று அதைப் பழிக்காதீர்கள். 2,000 வாட் கெய்சர் 180 வோல்ட்டில் சுமார் 1,225 வாட்தான் கொடுக்கும். இருபது நிமிஷத்தில் காய வேண்டிய தண்ணீருக்கு அரைமணிக்கு மேல் ஆகும். எலிமென்டை மாற்றிப் பயனில்லை. வீடு முழுக்கப் பெரிய ஸ்டெபிலைசர் வைப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது வோல்டேஜை உயர்த்த லைனிலிருந்து கூடுதல் கரண்டை இழுக்கும், உங்களுக்குக் கீழே உள்ள வீட்டில் இன்னும் மங்கும். ஃபிரிட்ஜுக்கு மட்டும் சின்னதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கெய்சர் போட்டால் மட்டும் மங்குகிறது

கெய்சரைப் போட்டுவிட்டு முதலில் மெயினில் அளங்கள், பிறகு கெய்சர் பிளக் உள்ள லைனில் அளங்கள். மெயினிலேயே நிறைய இறங்குகிறது என்றால் சர்வீஸ் வயரோ போஸ்ட் ஜாயின்டோ காரணம், இ.பி. வேலை. மெயினில் 215 இருந்து, கெய்சர் பாயின்டில் 190 வந்தால் நடுவில் 25 வோல்ட் உங்கள் வயரிங்கில் தொலைகிறது. கெய்சர் அப்போது சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். 25-ஐ 7-ஆல் பெருக்குங்கள், 175 வாட். சுவருக்குள் ஏதோ ஒரு ஜாயின்டில் இரண்டு பழைய குண்டு பல்பின் சூடு அடைபட்டுக் கிடக்கிறது என்று அர்த்தம். பலகைச் சுவர் வீட்டில் தீ பிடிப்பது இப்படித்தான். வயர்மேன் வரும்வரை கெய்சரைப் போடாதீர்கள்.

அறிகுறி 5: குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது

மெயினை அணையுங்கள். இதில் வீட்டில் செய்யக்கூடிய சோதனை அதிகம் இல்லை. புறங்கையால் தொட்டுப் பார்ப்பது, ஈரக்கையோடு “இன்னும் இருக்கா” என்று பார்ப்பது எதுவும் வேண்டாம். யாராவது பிடித்தபடி நின்றுவிட்டால் அவரைத் தொடாமல் மெயினை இறக்குங்கள். முடியாத இடமாக இருந்தால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளி விடுங்கள்.

கெய்சர் பிளக்கை உருவிவிட்டு மெயினைப் போட்ட பிறகு, குழாயில் டெஸ்டரை மட்டும் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் போய்விட்டால் கெய்சர் எலிமென்ட் பிளந்திருக்கிறது. பிளக்கை உருவியபடியே மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து எலிமென்டின் இரண்டு முனையை அளந்தால் 2,000 வாட்டுக்கு 26 ஓம் பக்கம், 3,000 வாட்டுக்கு 18 ஓம் பக்கம் காட்ட வேண்டும். ஒரு முனைக்கும் கெய்சர் உடம்புக்கும் நடுவில் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் எலிமென்ட் மாற்ற வேண்டும். காட்டவில்லை என்பதால் நல்லது என்றும் முடிவு கட்ட வேண்டாம், மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எலிமென்ட் மாற்றுவதோடு வேலை முடியவில்லை. கெய்சர் கசிந்தும் ட்ரிப்பர் விழவில்லை என்றால் வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை, அல்லது எர்த் சரியில்லை. எர்த் குழி பல வீடுகளில் பாறை மேல் மேலோட்டமாகப் போட்டதாக இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் மண் காய்ந்ததும் அது பேருக்கு இருக்கும். மல்டிமீட்டர் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டினாலும் எர்த் நல்லது என்று அர்த்தமில்லை, எர்த் டெஸ்டர் வைத்திருப்பவர் அளக்க வேண்டும். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் முதலில் அதைப் போடுங்கள், கெய்சர் வாங்குவது அப்புறம் இருக்கட்டும். இருக்கிற வீட்டில் மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழாவிட்டால் மாற்றுங்கள்.

அறிகுறி 6: சுவிட்ச் பாக்ஸில் சூடு, கருகல் வாடை, கிர்ர் சத்தம்

லூஸ் ஜாயின்ட். அந்த லைனை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றி ஸ்க்ரூவை இறுக்கினால் பாதி நேரம் சரியாகிவிடும். வயர் முனை கருத்திருந்தால் கருத்ததை வெட்டிவிட்டு, நல்ல செம்பு தெரியும்வரை உரித்து, மறுபடி மாட்டுங்கள். பிளாஸ்டிக் உருகியிருந்தால் சுவிட்சையோ பிளக் பாயின்டையோ மாற்றிவிடுங்கள். ஹீட்டரையும் கெய்சரையும் சின்ன 6 ஆம்பியர் பாயின்டில் மல்டிபிளக் வைத்துப் போடுவதுதான் குளிர்காலத்தில் இதற்கு முக்கியக் காரணம். மாற்றிய சில வாரத்தில் அதே இடம் மறுபடி சூடானால் வயர் சிறியது, அளவு கூட்டி இழுக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைப் போட்டுவைக்காதீர்கள். ஃபியூஸ் போகாது, சுவருக்குள் வயர் போகும்.

அறிகுறி 7: அணைத்த எல்.இ.டி. பல்பு இரவில் மினுக்குகிறது

சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் துளிக் கரண்ட்தான், ஆபத்தில்லை. இல்லாவிட்டால் சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வைத்தால், பளிச்சென்று எரியக் கூடாது. எரிந்தால் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். பல்பு மாற்றும்போது சுவிட்சை அணைத்தும் ஷாக் அடிக்கும் வீடு இதுதான். வயர்மேனுக்குச் சின்ன வேலை. மழைநாளில் மட்டும் மினுக்கினால் அறிகுறி 3-இல் சொன்ன ஈரம்.

அறிகுறி 8: இடி மின்னலுக்குப் பிறகு

ஏப்ரல், மே மாதத்துக் கோடை மழையில் இடி அதிகம். மேகம் திரண்டு இடி வரும் போல இருந்தாலே டி.வி., மோடம், ஃபிரிட்ஜ் பிளக்குகளை உருவுங்கள். டிஷ் கேபிளையும் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். மின்னல் கரண்ட் லைனில் மட்டுமல்ல, கேபிளிலும் வரும். இடி நடக்கும்போது கழற்றப் போகாதீர்கள், முன்னாலேயே செய்யுங்கள்.

ஓய்ந்த பிறகு ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். மெயின் பாக்ஸில் சர்ஜ் தடுப்பான் வைத்திருந்தால் அதன் சின்ன ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பாகியிருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பானால் அது தன் உயிரைக் கொடுத்துச் சாமானைக் காப்பாற்றிவிட்டது, புதிது மாட்டுங்கள். லைட் எல்லாம் எரிந்து ஒரு சாமான் மட்டும் வேலை செய்யாவிட்டால் அதை ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போகலாம். மீட்டர் டிஸ்பிளே அணைந்திருந்தாலோ, மீட்டரிலிருந்து புகை வாடை வந்தாலோ மெயினை இறக்கிவிட்டு இ.பி.க்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை போட வேண்டாம். கரண்ட் இல்லாத இரவில் ஜெனரேட்டர் வைப்பதாக இருந்தால், சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (இ.பி. லைனையும் ஜெனரேட்டரையும் ஒன்றாகச் சேரவிடாத சுவிட்ச்) வழியாக மட்டும் கொடுங்கள். நேராக வீட்டு வயரிங்கில் கொடுத்தால் அந்தக் கரண்ட் சர்வீஸ் வயர் வழியாகப் போஸ்டுக்கு ஏறும். அந்நேரம் மழையில் போஸ்ட் மேல் லைன்மேன் நின்றுகொண்டிருப்பார்.